மூன்றில் ஒன்றைத் தள்ளிய கணக்கு

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூணலசு. கண்ணாடிச் சாமான் கழுவுகிற அறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை. சோப்புப் போட்ட குடுவையைக் குழாய்த் தண்ணீரில் மூன்று தரம், பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். மற்றவர்கள் மேனேஜர் பார்க்கும்போது மூன்று தரமும், பார்க்காதபோது ஒன்றரைத் தரமும் அலசினார்கள். இவள் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மூன்று. அதோடு நிறுத்தியிருந்தால் பெயர் ஒட்டியிருக்காது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். கடைக்காரர் கொடுத்த மிச்சக் காசை மூன்று தரம் எண்ணி, அவர் முகம் சுளித்த பிறகுதான் நகர்வாள். கல்யாணத்துக்கு முன்னால் தன் வீட்டுக்காரரிடமும் "நிஜமாத்தானா?" என்று மூன்று தரம் கேட்டாளாம். மூன்றாவது தரம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அவள் அக்கா சொல்லிச் சிரிப்பாள். அக்கா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது நல்லது.

கழுவும் அறைக்கும் பரிசோதனை அறைக்கும் நடுவே கண்ணாடி போட்ட ஒரு கதவு. அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு, உயரமான ஸ்டூல், ஏ.சி. இந்தப் பக்கம் ரப்பர் செருப்பு, ஈரத் தரை, கை முழுக்க வெடிப்பு. அந்த ஊர்க் குழாய், கிணறு, தொட்டித் தண்ணீரெல்லாம் பாட்டில் பாட்டிலாக அந்தக் கதவு வழியாகப் போய், காலி பாட்டிலாக இவள் கைக்கு வந்து சேரும். அதில் எது நல்ல தண்ணீர், எது ஆகாத தண்ணீர் என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் "உனக்கெதுக்கும்மா அது?" என்பார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சமுதாயக் கல்லூரிக்காரர்கள் வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அறிவியல் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருஷம், வயது வரம்பு இல்லை, கல்விக் கடன் ஏற்பாடு செய்து தரப்படும். நோட்டீஸில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் காலிக் குடுவையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலிக் குடுவையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று மூணலசுக்கு விளங்கவில்லை. மற்றபடி நோட்டீஸை மூன்று தரம் படித்தாள்.

விஷயம் லேசானதில்லை. கட்டணம் முழுக்கக் கடன். படித்து முடித்த பிறகு ஆறு வருஷம் தவணை. வகுப்பு மத்தியானம் என்பதால் இரண்டு வருஷமும் அரை நாள் வேலை, அரைச் சம்பளம். அந்த அரைச் சம்பளக் குறையை எதை வைத்து அடைப்பது? வீட்டில் ஒரே ஒரு சேமிப்புதான் இருந்தது. அது வேன் காசு.

வேன் காசு என்றால் வீட்டுக்காரரின் வேன் காசு. அவர் ஒரு பர்னிச்சர் கடையில் வேன் ஓட்டுகிறார். கட்டில், பீரோ, சோபா என்று ஊரார் வீட்டு மாடிகளுக்கெல்லாம் ஏற்றி இறக்கி முதுகு போனவர். கடை முதலாளி எந்த நேரத்திலும் போன் பண்ணுவார், பண்ணிவிட்டு "எங்கய்யா இருக்க?" என்பார். வீட்டுக்காரருக்கென்று சொந்தமாகப் பழைய வேன் ஒன்று வாங்கிவிட்டால் அந்த "எங்கய்யா" ஒழிந்துவிடும். ஏழெட்டு வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வேன் விலையில் முக்கால்வாசிக்கு மேல் சேர்த்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் மீதியும் சேர்ந்துவிடும்.

அவள் நோட்டீஸைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தாள். "டெக்னீஷியன் ஆயிட்டா சம்பளம் ஏறுமாங்க. வீட்டுக்கு நல்லது. வேன் கூட சீக்கிரம் வாங்கிடலாம்."

அவர் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "எவ்வளவு ஏறும்?"

"விசாரிச்சுச் சொல்றேன்."

"விசாரி. கணக்குல வந்தா படி. வராட்டி விடு."

இங்கேதான் அவளுடைய தொழில் குறுக்கே வந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பன்னிரண்டு வருஷம் பார்த்ததில் அவளுக்கு ஒரு வழக்கம் மனப்பாடம். அந்தப் பக்கம் எதை அளந்தாலும் மூன்று தரம் அளப்பார்கள். மூன்றில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்று மட்டும் எங்கோ தள்ளி நின்றால், அந்த ஒன்றை அடித்துவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதிக்கொள்வார்கள். சம்பளத்தையும் அப்படியே அளப்பது என்று முடிவு செய்தாள்.

முதல் அளவு கல்லூரியில் எடுத்தாள். சேர்க்கைப் பிரிவு மேடம் மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இப்ப வாங்குறதைப் போல ரெண்டு மடங்கு, தாராளமா" என்றார். "தாராளமா" என்பதை இரண்டு தரம் சொன்னார்.

இரண்டாவது அளவு அக்கா வீட்டுக்காரரிடம். அத்தான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் யாருக்கு எவ்வளவு வருமானம், யாருக்கு எவ்வளவு ஆயுள் என்று அவரவருக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவரும் அவர்தான். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ஒண்ணே முக்கால் மடங்கு வரும்மா. மேல சொல்றவங்களை நம்பாதே" என்றார். அந்தக் கண்மூடலில் ஒரு கௌரவம் இருந்தது.

மூன்றாவது அளவு சொட்டிடம். சொட்டு என்பது பரிசோதனைக் கூடத்தின் பழைய டெக்னீஷியன். பியூரெட் என்கிற கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவது அவர் வேலை, காசையும் அப்படியே விடுவது அவர் குணம். டீக் குடிக்கப் போனால் பர்ஸை மேஜை டிராயரிலேயே மறந்துவிட்டு வருவார், எல்லா நாளும். "புதுசா சேர்ற டெக்னீஷியனுக்கு எவ்வளவு சார் தருவாங்க?" என்று கேட்டதும், அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "உன் சம்பளம், அதுக்கு மேல கால்வாசி. அவ்வளவுதாம்மா."

ஒன்றே கால் மடங்கு. அந்தக் கால்வாசியும் அப்படியே கடன் தவணைக்குப் போய்விடும். தவணை கட்டுகிற ஆறு வருஷமும், படித்தவளாக இருந்தும் கழுவுகிறவளின் சம்பளத்தையே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூணலசு யோசித்தாள். இரண்டு, ஒன்றே முக்கால், ஒன்றே கால். இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, ஒன்று தள்ளி நிற்கிறது. ஏன் தள்ளி நிற்கிறது என்பதற்குக் காரணமும் கையிலேயே இருந்தது. கேட்கிறவர் கடன் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் சொட்டு தன் சம்பளத்தை எப்போதும் குறைத்துத்தான் சொல்வார், இது ஊரறிந்த சங்கதி. ஆக அந்த அளவு பழுது. அடித்தாள். மீதி இரண்டுக்கும் சராசரி போட்டாள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தவணை போகக் கணிசமாக மிஞ்சும், வேனும் வந்துவிடும்.

கணக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதை ஒரு தரம்தான் பார்த்தார். "சரி, படி" என்றார்.

இதில் அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் சொட்டு சொன்னதை அடித்தபோது அவள் கை கொஞ்சம் வேகமாகத்தான் போயிற்று. அதை அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

படிப்பு எப்படிப் போயிற்று என்றால், சுமாராகப் போயிற்று. முப்பத்தொன்பது வயதில் மூலக்கூறு எடை படிப்பது யாருக்கும் இனிப்பாக இருக்காது. முதல் மாசமே ஒரு பியூரெட்டை உடைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் கழுவி ஒன்றைக் கூட உடைக்காதவள், முதல் தரம் அதை நிரப்பிப் பிடித்தபோது உடைத்தாள். அதற்கும் பணம் கட்டச் சொன்னார்கள். பரீட்சை வாரத்தில் அவளும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து படித்தார்கள். மகளின் மார்க் எப்போதும் பத்து மார்க் கூட இருந்தது, அதை மகள் அடிக்கடி ஞாபகப்படுத்தினாள். வேன் காசு மாதா மாதம் கரைந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை அவள் ஒவ்வொரு மாசமும் காதாரக் கேட்டாள்.

ஆனாலும் ஒரு நாள் வந்தது. கூம்புக் குடுவையில் சோதிக்க வேண்டிய தண்ணீர், மேலே பியூரெட். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, ஒன்றுமில்லை. அடுத்த சொட்டில் முழுக் குடுவையும் இளஞ்சிவப்பாகி, ஆட்டினாலும் போகாமல் நின்றது. அவ்வளவுதான் விஷயம். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ தரம் பார்த்த நிறம். ஆனால் அது நின்ற இடம் இவளுடைய கை நின்ற இடம், பியூரெட்டில் அதற்கு ஒரு எண் உண்டு, அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவள் இவள். அந்த நிமிஷம் அவள் அடைந்த சந்தோஷத்தைக் கொச்சையாகத்தான் சொல்ல வேண்டும்: குதிக்கத் தோன்றியது. குதிக்கவில்லை. குடுவையைக் கழுவி வைத்தாள், பழக்கம்.

இரண்டாம் வருஷத்தில்தான் அந்தப் பாடம் வந்தது. அளவுப் பிழைகள். வாத்தியார் சின்ன வயசுக்காரர், கரும்பலகையில் மூன்று எண் எழுதினார். இரண்டு பக்கத்தில், ஒன்று தள்ளி. "இதுல எதைத் தள்ளுவீங்க?"

வகுப்பில் முதல் ஆளாக மூணலசு கை தூக்கினாள். தள்ளி நிற்பதைச் சொன்னாள்.

"எதுக்காக?"

"அது தனியா நிக்குதே சார்."

"தனியா நிக்கிறது குத்தமாம்மா?" என்றார் வாத்தியார். "பாட்டில் மாறிப்போச்சு, குமிழி இருந்துச்சு, இப்படி ஏதாவது பிசகு நடந்ததை நீங்க பார்த்திருந்தா தள்ளலாம். உங்களுக்குப் பிடிக்கலைங்கிறதுக்காகத் தள்ளக்கூடாது. இன்னொண்ணு, அந்த ரெண்டும் ஒத்துப்போகுதே, ரெண்டும் தனித்தனியா எடுத்ததுதானா? ஒரே இடத்துலேருந்து வந்திருந்தா அது ரெண்டு அளவே இல்லை. ஒண்ணுதான்."

மூணலசு கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் இன்னும் ஏதாவது கேட்கிறாளோ என்று பார்த்தார். அந்தப் பாடத்துக்கான கட்டணமும் அதே கடனில்தான் அடக்கம்.

வகுப்பு விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். "அத்தான், அன்னைக்கு ஒண்ணே முக்கால்னு சொன்னீங்களே, யார்கிட்ட விசாரிச்சீங்க?"

அத்தான் இந்தத் தரம் கண்ணை மூடவில்லை. "உங்க காலேஜ் பேப்பர்ல போட்ட விளம்பரத்துலதாம்மா பார்த்தேன். அச்சடிச்சதுல எப்பவும் கொஞ்சம் குறைச்சுக்கணும். அதான் குறைச்சுச் சொன்னேன். ஏன், வரலையா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. பாதிக் கிணறு தாண்டியவள் பின்னால் திரும்பினால் என்ன, முன்னால் பார்த்தால் என்ன. பரீட்சை எழுதினாள். தேறினாள். அதே பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் வேலைக்கு எழுதிப் போட்டாள். மேனேஜர் கூப்பிட்டுச் சம்பளம் சொன்னார். ஒன்றே கால் மடங்கு, ஒரு காசு கூடவுமில்லை குறையவுமில்லை. சொட்டு அவர் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தரம் தாராளமாக உண்மையைச் சொல்லியிருந்தார், அதை இவள் அடித்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டுச் சேர்ந்திருப்பாள். மேனேஜர் நல்ல மனுஷர், நல்ல மனுஷர்கள் காரியத்தை அத்தனை சுலபமாக விடமாட்டார்கள். "இன்னொரு விஷயம்மா," என்றார். "கழுவுற பிரிவு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போறார். உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அதுக்குச் சம்பளம் ஒண்ணரை மடங்கு. படிப்பும் தேவையில்லை. டெக்னீஷியனுக்கு இப்போதைக்கு ஏத்த முடியாது, நாலஞ்சு வருஷம் ஆகும். வீட்டுல பேசிட்டுத் திங்கக்கிழமை சொல்லுங்க."

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். படிக்காமலே இருந்திருந்தாலும் இந்த ஒன்றரை வந்திருக்கும். கடன் இருந்திருக்காது. வேன் வாசலில் நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் தெருக் குழாயில் கடை வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்தவன் வண்டி என்றாலும் அழுக்காக ஓட்ட அவருக்குப் பிடிக்காது. அவள் பக்கத்தில் போய் நின்று, ஒன்றையும் விடாமல் சொன்னாள். மூன்று அளவு, அத்தான் பார்த்த விளம்பரம், வாத்தியார் சொன்னது, ஒன்றே கால், ஒன்றரை. சொல்லி முடிக்கும் வரை அவர் பின் சக்கரத்தைத் தேய்த்தார்.

"அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். "கழுவுற சூப்பர்வைசர்தான். ஒண்ணரை. கடனும் அடையும், வேனும் ரெண்டு மூணு வருஷத்துல வந்துடும்."

"ஆமா."

"ஆமாங்கிற. அப்புறம் ஏன் மூஞ்சி தொங்குது?"

"ஒண்ணுமில்லைங்க. டெக்னீஷியனா போனா பின்னாடி ஏறும்னு சொல்றாங்க. மெதுவா ஏறினாலும் போகப் போக வீட்டுக்கு நல்லது..."

அவர் குழாயை மூடினார். கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் இல்லை, குழாயை மூடுகிற ஆள். "இந்த 'வீட்டுக்கு நல்லது'ங்கிறதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. படிக்கப் போனதும் வீட்டுக்காக. வேன் காசு கரைஞ்சதும் வீட்டுக்காக. வீட்டுக்காகன்னு சொன்னா நான் கணக்குத்தான் பார்ப்பேன். கணக்குல தோத்துப் போச்சு. போய் பாட்டில் கழுவு."

வேனின் பக்கவாட்டில் கடையின் பெயரும் போன் நம்பரும் ஈரத்தில் பளபளத்தன.

"எனக்கு வேணும்னு சொன்னா?" என்றாள்.

"சொல்லித்தான் பாரேன். இத்தனை வருஷத்துல ஒரு தரம் கூட நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை."

அது நிஜம். வீட்டில் அவள் கேட்டு வாங்கியதெல்லாம் யாருக்காவதுதான்: மகளுக்கு, அவருக்கு, சமையலறைக்கு. தனக்கு என்று அவள் வாயைத் திறந்ததே இல்லை. இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தாள்.

"எனக்கு வேணும்ங்க," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. "அந்த ஸ்டூல்ல உக்காரணும். அந்தத் தண்ணி நல்லதா கெட்டதான்னு நான் பார்த்துச் சொல்லணும். நான் சொன்னதை ஊரு நம்பிக் குடிக்கணும். சம்பளம் இவ்வளவுதான்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தாலும் எனக்கு ஆசை இருந்திருக்கும். உங்க வேன் தள்ளிப் போகும். அது எனக்கு நெஞ்சை அறுக்குது. இருந்தாலும் எனக்கு வேணும்."

அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். பிழிந்து உதறி, கண்ணாடி மேல் போட்டார். அதை எடுத்து மறுபடியும் பிழிந்தார்.

"எனக்கும் வேன் வேணும்," என்றார். "அதுவும் வீட்டுக்காக இல்லை. ரெண்டு பேரும் வீடு வீடுன்னு சொல்லிட்டிருந்தோம். எனக்கு வேணும். என் வண்டியில, என் பேரு எழுதி, யாரும் எங்கய்யா இருக்கன்னு கேக்காம ஓட்டணும். ஆறு வருஷம் கழிச்சு வந்தா இந்த முதுகோட கட்டில் தூக்க முடியுமான்னு தெரியலை."

அவளுக்கு அது தெரியாது. வேன் என்றால் வருமானம் என்றே அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தன் ஆசைக்காக அவருடைய ஆசையைத்தான் செலவழித்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப நான் பாட்டிலுக்கே போறேன்," என்றாள்.

"போகாதே."

"இல்லைங்க, நான்..."

"போகாதேன்னு சொன்னேன்." அவர் குழாயைத் திறந்தார். "நீ முதல்ல போ. உனக்கு இப்ப வாசல் திறந்திருக்கு. வரிசையில நான் பின்னாடி நிக்கிறேன். ஆனா நான் நிக்கிறேன்ங்கிறதை மறந்துடாதே. மறந்தா விட மாட்டேன்."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு துணியை எடுத்து வேனின் மறுபக்கத்தைத் துடைத்தாள்.

திங்கக்கிழமை காலையில் மேனேஜர் அறைக்குப் போனாள். டெக்னீஷியன் வேலைக்கே சேருகிறேன் என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"வீட்டுல உக்காந்து நல்லா கணக்குப் பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தோம் சார். ரெண்டு பேருக்கும் நஷ்டம்தான்," என்றாள் மூணலசு. "எந்த ஸ்டூல் சார் என்னுது?"